எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழக்குவது எப்படி? ஃபோனிக்ஸ் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்கு வயது முதல் ஏழு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வீட்டிலோ வகுப்பிலோ வாசிக்கவும் எழுதவும் கற்றுத் தருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ், ஆங்கிலம் இரண்டையும் பற்றிப் பேசுகிறேன். பெரும்பாலான பிள்ளைகள் இரண்டையும் ஒரே காலத்தில் கற்கிறார்கள், ஒன்றில் வரும் சிக்கல் மற்றதில் வருவதில்லை.

ஃபோனிக்ஸ் என்பது உண்மையில் என்ன?

எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்பதை ஓர் ஒழுங்கான வரிசையில் சொல்லிக்கொடுத்து, அந்த ஒலிகளைச் சேர்த்துச் சொல்லாக்கவும், சொல்லைப் பிரித்து ஒலிகளாக்கவும் பழக்குவது. சேர்த்தால் வாசிப்பு, பிரித்தால் எழுத்து. அவ்வளவுதான். பாட்டு, அட்டை, செயலி, கைச்சைகை எல்லாம் இதன் மேல் பூசிய வண்ணங்கள். அவை இல்லாமலும் வேலை நடக்கும்.

இதற்கு மாற்றாக நெடுநாள் வழக்கில் இருந்த முறை, சொல்லை ஒரு படம்போல முழுதாகப் பார்த்து மனத்தில் பதித்துக்கொள்வது. ஆங்கிலம் கற்பிப்பவர்களிடையே இவ்விரண்டைப் பற்றியும் பல பத்தாண்டுகளாகக் கடும் சண்டை நடந்தது. அமெரிக்காவில் தேசிய வாசிப்புக் குழு 2000-ஆம் ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஒழுங்குமுறையான ஃபோனிக்ஸ் பிள்ளைகளுக்குக் கூடுதல் பலன் தருகிறது என்று அறிவித்தது. இங்கிலாந்தில் 2006-இல் வந்த அரசு ஆய்வறிக்கையும் அதே பக்கம் சாய்ந்தது. முழுச்சொல் முறையை ஆதரிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அவர்களுடன் உடன்பாடு இல்லை.

என் மகன் அ முதல் ஔ வரை தடையில்லாமல் ஒப்பிக்கிறான். அது போதாதா?

போதாது. ஒப்பிப்பது காதின் வேலை, வாசிப்பது கண்ணையும் காதையும் இணைக்கும் வேலை. ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். அட்டைகளைக் கலைத்து வைத்து 'உ'வைக் காட்டுங்கள். அவன் 'அ, ஆ, இ...' என்று மனத்துக்குள் வரிசையாக ஓடிவந்து அங்கே நின்றால், அவனுக்குத் தெரிந்தது பாட்டுதான்.

இன்னொன்றும் உண்டு. தமிழில் உயிரெழுத்து தன் சொந்த வடிவத்தில் பெரும்பாலும் சொல்லின் தொடக்கத்தில் மட்டுமே வரும். மற்ற இடங்களில் அது குறியாகி மெய்யோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே பன்னிரண்டு உயிரையும் பல வாரம் முயன்று கற்ற பிள்ளை அவற்றை மட்டும் வைத்து வாசிக்கக்கூடியவை 'ஈ', 'ஆ' போன்ற ஓரெழுத்துச் சொற்களே. இவ்வளவு உழைத்தும் அதற்கு மேல் ஒரு சொல்கூடக் கைக்கு வரவில்லை என்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் ஆர்வம் இருக்கும்?

தமிழில்தான் எழுதியபடியே ஒலிக்கிறோமே, ஃபோனிக்ஸ் எதற்கு?

எழுதியபடியே ஒலிப்பதால்தான் தமிழுக்கு அது இன்னும் நன்றாகப் பொருந்தும். ஆங்கிலத்தில் 26 எழுத்துகள் ஏறத்தாழ 44 ஒலிகளைச் சுமக்கின்றன. ஒரே ஒலிக்குப் பல எழுத்துக்கூட்டல், ஒரே எழுத்துக்கூட்டலுக்குப் பல ஒலி. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் முதல் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பை ஒப்பிட்டு 2003-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஃபின்னிஷ் போன்ற நேரடி எழுத்துமுறை உள்ள மொழிகளின் பிள்ளைகள் ஓராண்டுக்குள் எளிய சொற்களைத் தடையின்றி வாசித்தார்கள். ஆங்கிலப் பிள்ளைகள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். பிள்ளைகளின் அறிவில் குறையில்லை, எழுத்துமுறையின் சுமைதான் காரணம்.

தமிழ் அந்த நேரடி மொழிகளின் பக்கத்தில் நிற்கிறது. ஆனால் அதற்குத் தனிச் சுமை ஒன்று உண்டு. நம் எழுத்து ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஓர் அசையைக் காட்டுகிறது, தனி ஒலியை அல்ல. 'கி' என்பது ஒரே எழுத்து. உள்ளே க், இ என்று இரண்டு ஒலிகள். பிள்ளைக்கு 'கி' எளிது. அதற்குள் இரண்டு ஒலிகள் இருப்பதைக் காது உணர்வதுதான் தாமதமாகும். அதை உணர்ந்துவிட்டால் உயிர்மெய் முழுவதும் ஒரே வாரத்தில் திறந்துகொள்வதுபோல இருக்கும். உணராவிட்டால் 216 உயிர்மெய்களும் 216 தனித்தனிப் படங்கள்தாம்.

மெய்யெழுத்தை 'இக், இங், இச்' என்று சொல்லிக்கொடுப்பது சரியா?

பெயராகச் சொல்வதில் தவறில்லை. வாசிக்கத் தொடங்கும்போது அதுவே பெரிய முட்டுக்கட்டை.

'இம்' என்று பழகிய பிள்ளை 'படம்' என்ற சொல்லைக் கூட்டும்போது 'ப, ட, இம்' என்கிறது. சேர்த்துச் சொல் என்றால் 'பட இம்'. 'பல்' என்பது 'ப இல்' ஆகிறது. பெற்றோர் உடனே, "எழுத்தெல்லாம் தெரிகிறது, சேர்க்கத்தான் தெரியவில்லை" என்று நொந்துகொள்கிறார்கள். பிள்ளை சரியாகத்தான் சேர்க்கிறது. நாம் கொடுத்த ஒலியில் ஓர் இகரம் கூடுதலாக இருக்கிறது.

இதைத் தவிர்க்க மெய்களை இரு கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ம், ன், ண், ல், ள், ழ், ர், ய் ஆகியவற்றை மூச்சு உள்ளவரை இழுக்கலாம்: 'ம்ம்ம்', 'ல்ல்ல்'. இவற்றை இழுத்தே சொல்லிக்கொடுங்கள். முன்னால் எதுவும் வேண்டாம். க், ச், ட், த், ப், ற் ஆகிய வல்லினங்களை அப்படி இழுக்க முடியாது. அவற்றைத் தனியாகச் சொல்லவே வேண்டாம். முந்தைய எழுத்தோடு ஒட்டியே சொல்லுங்கள்: 'பட்', 'பக்', 'அப்'. தமிழ்ச் சொல்லில் புள்ளி எழுத்து முதலில் வராது. எப்போதும் தனக்கு முன்னால் உள்ள எழுத்தின் மேல்தான் சாய்ந்து நிற்கும். ஆகவே 'பட்டம்' என்பதை 'ப, இட், ட, இம்' என்று நான்கு துண்டாக்காமல் 'பட்', 'டம்' என்று இரண்டாக வாசிக்கப் பழக்கலாம். விரலால் மறைத்து முதலில் 'பட்' மட்டும் காட்டுங்கள், பிறகு 'டம்'.

பல வீடுகளில் இந்த ஒரு மாற்றமே மாதக்கணக்கில் நின்றுபோன வாசிப்பை நகர்த்திவிடுகிறது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த வயதில் தொடங்கலாம்?

எழுத்துகளை நான்கரை, ஐந்து வயதில். காது விளையாட்டுகளை மூன்று வயதிலிருந்தே.

காது விளையாட்டு என்றால் எழுத்தே இல்லாமல் ஒலியோடு விளையாடுவது. சொல்லைக் கைதட்டி அசைகளாகப் பிரிப்பது: வி-ளை-யாட்-டு, நான்கு தட்டு. 'ம' என்று தொடங்கும் பொருள்களை அறையில் தேடுவது. 'கல்', 'பல்', 'மண்' மூன்றில் சேராதது எது என்று கேட்பது. நீங்கள் ஒரு சொல்லை உடைத்துச் சொல்ல, பிள்ளை சேர்த்துச் சொல்வது: 'வா... ல்' என்றால் 'வால்'. கடைசி விளையாட்டுதான் வாசிப்புக்கு மிக நெருக்கமானது. அது காதால் வராத பிள்ளைக்குக் கண்ணால் வராது. எழுத்தைத் தொடங்கும் முன் இதைச் சரிபாருங்கள்.

எந்த எழுத்தை முதலில் சொல்லிக்கொடுப்பது?

நெடுங்கணக்கின், அதாவது நாம் ஒப்பிக்கும் எழுத்து அட்டவணையின், வரிசை இலக்கணத்துக்காக அமைந்தது. ஒலி பிறக்கும் இடம் பார்த்து அடுக்கியது. அழகான வரிசைதான், அகராதி பார்க்க அது வேண்டும். ஆனால் வாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு வேறு வரிசை உதவும். நான்கு காரணங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்: வடிவம் எளிதா, அடிக்கடி வருகிறதா, ஒலியை இழுக்க முடியுமா, ஏற்கெனவே கற்றவற்றோடு சேர்ந்து சொல் ஆகுமா.

நான் ட, ப, ம ஆகியவற்றில் தொடங்குவேன். கோடுகளால் ஆன வடிவங்கள், எழுதுவது எளிது. அவற்றோடு 'ம்', 'ட்' சேர்ந்தவுடன் படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொற்கள் வந்துவிடுகின்றன. 'ர' சேர்த்தால் மரம், ரம்பம். பிறகு க, ல, ல்: கல், பல், கடல், பகல், கலம், பலகை என்று நீட்ட ஆசை வரும், 'கை' இன்னும் கற்பிக்கவில்லை என்றால் பலகையை விட்டுவிடுங்கள். கற்பிக்காத எழுத்து உள்ள சொல்லைக் கொடுத்துப் பிள்ளையை ஊகிக்க வைக்கக் கூடாது என்பதுதான் ஃபோனிக்ஸின் கறாரான விதி.

ஒன்றோடொன்று குழம்பும் எழுத்துகளை ஒரே வாரத்தில் வைக்காதீர்கள். 'ல', 'ள', 'ழ' மூன்றையும் அக்கம்பக்கத்தில் வைத்து வேறுபாடு விளக்குவது பெரியவர்களுக்குத் தெளிவாகத் தோன்றும். பிள்ளைக்கு அதுதான் குழப்பத்தின் தொடக்கம். 'ல' ஊறிய பிறகு சில வாரம் கழித்து 'ள'. எ–ஏ, ஒ–ஓ, ர–ற ஆகியவற்றுக்கும் இதே இடைவெளி வேண்டும்.

247 எழுத்துகளையும் எப்படித்தான் மனப்பாடம் செய்ய வைப்பது?

செய்ய வைக்காதீர்கள். மனத்தில் நிற்கவேண்டியவை 12 உயிர், 18 மெய், அவற்றை இணைக்கும் உயிர்க்குறிகள். மற்றவை அவற்றின் சேர்க்கை.

வரிசையைக் கிடைமட்டமாக, அதாவது க, கா, கி, கீ என்று ஓட்டுவதைவிட நெடுக்காக ஓட்டுவது நல்லது: கா, டா, பா, மா, லா. முதல் வழியில் பிள்ளை பாட்டைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது வழியில் ஒரு குறி எல்லா மெய்யிலும் ஒரே வேலையைச் செய்வதைப் பார்க்கும். கால் குறி ஒன்றைத் தனி அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தின் பக்கத்திலும் நகர்த்திக் காட்டினால் விளக்கமே தேவைப்படாது.

குறிகளின் வரிசை: முதலில் 'ா', அடுத்து 'ி', 'ீ'. இவை எழுத்தின் வலப்பக்கமோ மேலேயோ நிற்பதால் சிக்கலில்லை. கொம்பு வேறு கதை. 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் குறி கண்ணுக்கு முதலில் படுகிறது, ஒலி பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாக ஒழுங்காக வாசிக்கும் பிள்ளைதான் இதில் அதிகம் தடுமாறும். கொம்பைப் பார்த்தவுடன் விரலைத் தாண்டி அடுத்த எழுத்துக்குப் போகவேண்டும் என்பதைத் தனிப் பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள். 'கொ', 'கோ' அதற்குப் பிறகு.

கடினமானவை உகரமும் ஊகாரமும். ஒரே குறி எல்லா எழுத்திலும் ஒட்டாமல் வடிவம் மாறுகிறது. இங்கும் கூட்டமாகப் பிரிக்கலாம்: மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம், பு, யு, வு ஒரு கூட்டம், து, நு, லு, னு ஒரு கூட்டம். இவற்றுக்குப் பல வாரம் ஆகும், அது இயல்பு.

ஔகார வரிசையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். 'ங, ஙா, ஙி' வரிசையை எழுதவைப்பதை நிறுத்தியே விடலாம். 'ங்' மட்டும் தெரிந்தால் தங்கம், சங்கு, பங்கு எல்லாம் வாசிக்கலாம். 'ஙௌ' என்ற எழுத்தைப் பிள்ளை தன் வாழ்நாளில் அந்த அட்டவணையைத் தவிர வேறெங்கும் பார்க்கப்போவதில்லை.

'கடல்' என்பதில் ஒரு 'க', 'அகல்' என்பதில் வேறு 'க'. இதை எப்படி விளக்குவது?

வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு விளக்கவே வேண்டாம். சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லினம் வன்மையாக ஒலிக்கும் (கடல், பக்கம்). இடையில் மெலியும் (அகல்). மெல்லினத்துக்குப் பின் அதிரும் (தங்கம்). அந்தப் பிள்ளையின் வாய்க்கு இது ஏற்கெனவே தெரியும். 'அகல்' என்று கூட்டி வாசித்தால் தானாகத் திருத்திக்கொள்ளும்.

வேறு மொழிச் சூழலில் வளர்ந்து தமிழைப் பிற்பாடு கற்கும் பிள்ளைக்கு மட்டும் இதை விதியாகச் சொல்லித்தான் ஆகவேண்டும். 'ச'வையும் சேர்த்துச் சொல்லுங்கள்: பச்சை, பஞ்சு, பசி மூன்றிலும் மூன்று ஒலி.

ஆங்கில ஃபோனிக்ஸை வீட்டில் எப்படித் தொடங்குவது?

எழுத்தின் பெயரை ஒதுக்கிவைத்து ஒலியைச் சொல்லுங்கள். எச் என்ற பெயரில் 'ஹ்' என்ற ஒலியே இல்லை. டபிள்யூ என்ற பெயருக்குள் அதன் ஒலியைத் தேடினாலும் கிடைக்காது. பெயர்கள் பின்னால் வரட்டும்.

பல பாடத்திட்டங்கள் எஸ் (s), ஏ (a), டி (t), பி (p), ஐ (i), என் (n) ஆகிய ஆறில் தொடங்குகின்றன. அவற்றின் ஒலிகள் ஸ், அகரத்துக்கும் ஏகாரத்துக்கும் இடைப்பட்ட திறந்த உயிர், ட், ப், இ, ன். இந்த ஆறு மட்டுமே சிட் (sit), டின் (tin), டிப் (tip), நிப் (nip) என்று பல சொற்களைத் தருவதால்தான் இந்தத் தேர்வு. பிறகு மற்ற ஒற்றை எழுத்துகள், அதன்பின் எஸ்ஸும் எச்சும் சேர்ந்து 'ஷ்' ஆவது போன்ற இரட்டையர், பிறகு நெடில் உயிர்களின் பல வேடங்கள். இந்தக் கடைசிப் பகுதிக்குத்தான் ஓராண்டுக்கு மேல் ஆகும்.

தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு இரண்டு இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

முதலாவது, நாம் சொல்லின் இறுதியில் உகரம் சேர்க்கும் பழக்கம். 'கப்' என்பது 'கப்பு' ஆவதுபோல, தனி ஒலியும் 'டு', 'பு' என்று ஆகிவிடுகிறது. 'கு, அ, பு' என்று சொல்லும் பிள்ளை சேர்த்தால் 'குஅபு'தான் வரும். ஒலியை வெட்டிச் சொல்லுங்கள். உதடு மூடியதும் நிறுத்துங்கள்.

இரண்டாவது, அதிரும் ஒலியும் அதிராத ஒலியும். குண்டூசியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் குப்பைத்தொட்டியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பின்' என்றுதான் எழுதமுடியும். நம் எழுத்து இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை என்பதால் பிள்ளையின் காதும் அதைப் பொருட்படுத்தாமல் போகலாம். தொண்டையில் விரலை வைத்து இரண்டையும் சொல்லச் சொல்லுங்கள். ஒன்றில் ஒலி பிறக்கும்போதே அதிர்வு தெரியும், மற்றதில் சற்றுப் பிந்தித்தான் தெரியும். 'க்', 'ட்', 'ச்' ஆகியவற்றின் இணைகளுக்கும் இப்படியே.

விதிக்கு அடங்காத சொற்களும் உண்டு. 'செட்' என்று ஒலிக்கும் சொல்லை எஸ், ஏ, ஐ, டி (said) என்று எழுதுகிறார்கள். இத்தகைய சொற்களை வாரத்துக்கு இரண்டு மூன்று என்ற அளவில் கொடுங்கள். அப்போதும் எந்தப் பகுதி விதிப்படி ஒலிக்கிறது, எந்தப் பகுதி முரண்டு பிடிக்கிறது என்று காட்டிக் கொடுங்கள். இந்தச் சொல்லில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒழுங்காகத்தான் இருக்கின்றன.

இரண்டு மொழியையும் ஒரே நேரத்தில் தொடங்கினால் குழப்பம் வராதா?

வடிவங்கள் வெவ்வேறு என்பதால் பெரிய குழப்பம் வருவதில்லை. பிள்ளை நன்றாகப் பேசும் மொழியில் தொடங்கி, ஒலி சேர்க்கும் திறன் கைவந்த பிறகு மற்றதைச் சேர்ப்பது எளிது. சேர்த்தலும் பிரித்தலும் ஒருமுறை புரிந்தால் மொழி மாறினாலும் கூடவே வரும். திரும்பக் கற்கவேண்டியது எழுத்துகளை மட்டுமே. பள்ளி இரண்டையும் ஒன்றாகத் தொடங்கிவிட்டால் கவலைப்படாமல், ஒரே அமர்வில் இரண்டையும் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படத்தைப் பார்த்துச் சொல்லைச் சரியாகச் சொல்கிறாள். அதுவும் வாசிப்புத்தானே?

இல்லை. படத்தைக் கையால் மறைத்துவிட்டுக் கேளுங்கள். 'குதிரை' என்று எழுதியிருக்கும் இடத்தில் படம் பார்த்துக் 'குதிரை' என்பவள், படம் கழுதைபோல இருந்தால் 'கழுதை' என்பாள். ஊகிப்பது தொடக்கத்தில் வேகமாகத் தோன்றும். படங்கள் குறைந்து எழுத்து நிறையும் வகுப்புக்கு வரும்போது கையில் எதுவும் இருக்காது.

படக்கதை வேண்டாம் என்று சொல்லவில்லை. படத்தைப் பார்த்துக் கதை பேசட்டும், ஆனால் சொல்லைக் கண்டுபிடிக்க எழுத்தைப் பார்க்கட்டும். தடுமாறினால் "என்னவாக இருக்கும், சொல் பார்ப்போம்" என்று கேட்காதீர்கள். "முதல் எழுத்தைச் சொல், அடுத்ததைச் சேர்" என்று சொல்லுங்கள்.

பொருளே இல்லாத சொற்களை வாசிக்கச் சொல்கிறார்களே, எதற்கு?

மனப்பாடத்தையும் வாசிப்பையும் பிரித்துப் பார்க்க. 'மிரக்', 'டபல்' என்பவற்றை யாரும் முன்பே பார்த்திருக்க முடியாது. எழுத்துக் கூட்டினால்தான் வரும். இங்கிலாந்தில் 2012 முதல் ஆறு வயதை ஒட்டிய பிள்ளைகளுக்கு நடக்கும் ஃபோனிக்ஸ் சோதனையில் 40 சொற்களில் 20 இப்படிப்பட்டவை. எப்போதாவது சோதித்துப் பார்க்க நல்ல வழி. நாள்தோறும் பயிற்சியாகக் கொடுப்பது வீண். அந்த நேரத்தில் பொருளுள்ள சொற்களையே வாசிக்கலாம்.

எழுதவைப்பது எப்போது?

வாசிப்போடு சேர்த்தே. ஆனால் எழுத்து என்பதற்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பாருங்கள். ஒன்று சொல்லை ஒலிகளாகப் பிரித்து எழுத்தைத் தேர்ந்தெடுப்பது. மற்றது விரலால் வடிவத்தைப் போடுவது. மூளை முதல் வேலைக்குத் தயாராக இருக்கும்போது விரல் தயாராக இல்லாமல் இருக்கலாம். அப்போது எழுத்து அட்டைகளை அடுக்கியே சொற்களை 'எழுத'லாம். மரியா மாண்டிசோரி 1907-இல் ரோமில் தொடங்கிய பள்ளியில் உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவியபடி ஒலியைச் சொல்லவைத்தார். அங்கே பல பிள்ளைகள் வாசிப்பதற்கு முன்பே எழுதத் தொடங்கினார்கள். விரலால் தடவுவதில் எழுத்தின் வடிவம், எழுதும் திசை, ஒலி மூன்றும் ஒன்றாகப் பதிகின்றன.

சுழி உள்ள எழுத்துகளில் எங்கே தொடங்கி எந்தப் பக்கம் வளைவது என்பதை முதலிலேயே சரியாகப் பழக்குங்கள். தப்பான திசையில் பழகிய கை பிறகு மாறுவது கடினம். ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுதவைப்பதால் என்ன பயன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மூன்றாவது வரிக்குமேல் கை மட்டும்தான் எழுதுகிறது, பிள்ளை அங்கே இல்லை.

நல்ல பயிற்சி சொல்வதெழுதுதல், அதுவும் சங்கிலியாக. 'கல்' என்று எழுதச் சொல்லுங்கள். அதைக் 'கால்' ஆக்கு. இப்போது 'பால்'. பிறகு பாய், வாய், வால், வில், நில். ஒவ்வொரு முறையும் ஓர் ஒலிதான் மாறுகிறது. எது மாறியது என்று கண்டுபிடிப்பதில்தான் முழுப் பயிற்சியும் இருக்கிறது.

'பழம்' என்பதைப் 'பளம்' என்று எழுதுகிறான். உடனே திருத்த வேண்டுமா?

அவன் எப்படிச் சொல்கிறான் என்று முதலில் கேளுங்கள். 'பளம்' என்று சொல்லி 'பளம்' என்று எழுதினால் அவன் ஒலியைச் சரியாகத்தான் பிரித்திருக்கிறான், திருத்தவேண்டியது நாக்கை. 'ல'வுக்கு நாக்கின் நுனி மேற்பல்லின் அடியைத் தொடும். 'ள'வுக்கு வளைந்து அண்ணத்தைத் தொடும். 'ழ'வுக்கு வளையும், ஆனால் தொடாது. கண்ணாடி முன் நின்று செய்தால் சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்வார்கள்.

'ர', 'ற' வேறு. இன்றைய பேச்சில் பெரும்பாலோர் இவற்றை வேறுபடுத்துவதில்லை. காதால் கேட்டு எழுது என்று சொல்வதில் பயனில்லை. கண்ணால் பார்த்துப் பழகவேண்டியவை இவை.

மூன்று 'ன'கரத்துக்கு அருமையான உதவி எழுத்துமுறைக்குள்ளேயே இருக்கிறது. 'ட'வுக்கு முன்னால் 'ண்' (வண்டி), 'த'வுக்கு முன்னால் 'ந்' (பந்து), 'ற'வுக்கு முன்னால் 'ன்' (கன்று). டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்ற பழைய பெயர்கள் இந்த இணைகளைத்தான் சொல்கின்றன. சொல்லின் முதலில் வருவது 'ந' மட்டுமே. இந்த நான்கு செய்திகள் பாதிப் பிழையைத் தீர்த்துவிடும்.

திருத்தும்போது, கற்பித்துவிட்ட எழுத்தில் வரும் பிழையை மட்டும் திருத்துங்கள். இன்னும் கற்பிக்காததைத் தன் காதை நம்பி எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள்.

எழுத்தை இடவலம் மாற்றி எழுதுகிறாள்.

ஏழு வயது வரை பரவலாகக் காணப்படுவதுதான். தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்துக் கொடுங்கள்.

சரளமாக வாசிக்கிறாள், ஆனால் என்ன வாசித்தாய் என்றால் தெரியவில்லை.

1986-இல் ஆய்வாளர்கள் கஃபும் டன்மரும் முன்வைத்த எளிய கணக்கு ஒன்று உண்டு: புரிந்து வாசித்தல் என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூச்சியம் என்றால் விடையும் பூச்சியம். ஃபோனிக்ஸ் முதல் பாதியை மட்டுமே தருகிறது.

தமிழில் இந்த இரண்டாவது பாதிக்குத் தனிச் சிக்கல் இருக்கிறது. பிள்ளை பேசும் தமிழ் வேறு, புத்தகத் தமிழ் வேறு. 'இருக்கிறது', 'வருகின்றன', 'அவற்றை' என்றெல்லாம் அது காதால் கேட்டதே இல்லை. ஒவ்வோர் எழுத்தையும் சரியாகக் கூட்டி முடித்தபின், கிடைத்த சொல் தனக்குத் தெரிந்த சொல்தான் என்பது அதற்குத் தெரிவதில்லை. ஆங்கிலப் பிள்ளைக்குச் சொல்லைக் கண்டுபிடித்ததும் வரும் மகிழ்ச்சி இங்கே பாதியில் நின்றுவிடுகிறது.

இதற்கு ஒரே மருந்து வாசித்துக் காட்டுவது. நாள்தோறும் கதையைப் புத்தகத்தில் உள்ளபடியே, பேச்சுத் தமிழுக்கு மாற்றாமல், வாசித்துக் காட்டுங்கள். பல பெற்றோர் அன்பின் காரணமாக மாற்றிச் சொல்கிறார்கள். ஒருமுறை மாற்றிச் சொல்லிக் கதையைப் புரியவைத்துவிட்டு, அடுத்த முறை உள்ளபடி வாசியுங்கள். பிள்ளை தானே வாசிக்கத் தொடங்கிய பிறகும் இதை நிறுத்த வேண்டாம். பிள்ளை தானே வாசித்து எட்டக்கூடிய கதையைவிடக் கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய கதை வெகுதூரம் முன்னால் இருக்கும்.

நாளொன்றுக்கு எவ்வளவு நேரம்? செயலிகள் உதவுமா?

பதினைந்து நிமிடம், நாள்தோறும். வார இறுதியில் இரண்டு மணி நேரம் உட்காரவைப்பது இதற்கு ஈடாகாது. செயலி எழுத்தை ஒலித்துக் காட்டும். பிள்ளை எப்படி ஒலிக்கிறது என்று கேட்டு, உகரம் ஒட்டிக்கொண்டதைக் கவனித்துத் திருத்துவதற்கு அருகில் ஒரு மனிதர் வேண்டும்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

ஒழுங்காகக் கற்பித்தும், ஏழு வயதை நெருங்கும் பிள்ளைக்கு இரண்டெழுத்துச் சொல்லைக் கூட்ட முடியவில்லை என்றால். நேற்று நன்றாகத் தெரிந்த எழுத்து இன்று முற்றிலும் புதிதாகத் தெரிகிறது என்பது தொடர்ந்து நடந்தால். எதுகைச் சொற்களையும் முதல் ஒலியையும் காதால் கண்டுகொள்ளவே முடியவில்லை என்றால். குடும்பத்தில் வேறு யாருக்கேனும் வாசிப்பில் சிரமம் இருந்திருந்தால், இன்னும் முன்னதாகவே.

முதலில் செவித்திறனையும் பார்வையையும் சோதியுங்கள். சளி அடைப்பால் காது மந்தமாக இருப்பதுகூட ஒலிகளைக் குழப்பும். அவை சரியாக இருந்தால் டிஸ்லெக்சியா குறித்து உரிய நிபுணரிடம் கேளுங்கள். டிஸ்லெக்சியா கண் கோளாறு இல்லை, அறிவுக் குறைவும் இல்லை. சொல்லிலுள்ள ஒலிகளைப் பிரித்தறிவதில் வரும் சிரமமே அதில் முதன்மையானது. ஆகவே அந்தப் பிள்ளைகளுக்கும் தேவை ஃபோனிக்ஸ்தான், இன்னும் மெதுவாக, இன்னும் ஒழுங்காக, இன்னும் பலமுறை. சோம்பேறி என்ற பட்டம் மட்டும் வேண்டாம். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று ஓராண்டு காத்திருப்பதும் வேண்டாம்.

ஃபோனிக்ஸ் பாடத்தை எப்போது முடிக்கலாம்?

இதுவரை பார்த்திராத சொல்லைத் தயங்காமல் வாசிக்கும்போது. ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டல் பாடமாக அது இன்னும் சில ஆண்டுகள் தொடரும். தமிழில் அவ்வளவு காலம் ஆகாது, ஆனால் கடைசியாக ஒரு படி இருக்கிறது: நீண்ட சொற்கள்.

'விளையாடிக்கொண்டிருந்தார்கள்' என்பதை எழுத்தெழுத்தாகக் கூட்டினால் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துபோகும். இங்கே எழுத்தை விட்டுப் பகுதிக்கு மாறவேண்டும். ஒரு தாளால் மறைத்து 'விளையாடி' வரை காட்டுங்கள், பிறகு 'க்கொண்டு', பிறகு 'இருந்தார்கள்'. 'கள்', 'ஆல்', 'உக்கு', 'இருந்து' போன்ற ஈறுகளை ஒரே பார்வையில் அடையாளம் காணப் பழக்குங்கள். கதைப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை எடுத்து 'கள்' வரும் இடங்களை மட்டும் பென்சிலால் வட்டமிடச் சொன்னாலே போதும். அடுத்த நாள் வேறோர் ஈறு.